அருகிருப்போர்க்கு மேற்படிப்பு எதற்கு?

நோயாளியைத் துடைத்துத் தூய்மைப்படுத்தவும், நேரந்தவறாமல் மருந்து கொடுக்கவும், அருகிருந்து ஆறுதல் கூறவும் முதுகலைப் பட்டம் எதற்கு? இவ்வினா நம் இல்லங்கள் பலவற்றில் எழுகின்றது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓரிரு ஆண்டுகள் பணியாற்றிய மகள், அத்துறையிலேயே இன்னும் இரண்டாண்டு படிக்க விரும்புவதாகச் சொல்கிறாள். தந்தை கல்விக்கடனை எண்ணிப் பார்க்கிறார். தாய் அவளது வயதை எண்ணிப் பார்க்கிறார். படித்தது போதாதா என்று உறவினர் கேட்கின்றனர். சில வேளைகளில் இதே வினா பக்தியின் ஆடையணிந்தும் வருகின்றது. செவிலியர்க்கு வேண்டியது அன்பே. படிப்பு ஏற ஏறப் பணிவு இறங்கிவிடும். பட்டம் பெற்றவர் படுக்கையருகே நிற்பாரோ என்று கேட்போர் உளர்.

இதனை அறியாதார் கேள்வி என்று தள்ளிவிடுதல் முறையன்று. இதனுள்ளே பழைமையான ஓர் அறக்கேள்வி மறைந்து கிடக்கின்றது. பிறர் துன்பத்தைத் துடைக்க நல்ல உள்ளம் மட்டும் போதுமா? அன்பு உடையவர் அறிவைத் தேடவும் கடமைப்பட்டவரா? தேடிப் பெற்ற அறிவு அவரைத் துன்புறுவோரிடம் நெருங்கச் செய்யுமா, விலகச் செய்யுமா? உயிருக்கும் சாவுக்கும் இடையில் ஒருவர் கிடக்கும் அறையில் இவ்வினாக்கள் நூற்கேள்விகளாக நில்லாமல், அந்த இரவுக்குள்ளேயே விடை வேண்டுவனவாகி விடுகின்றன.

வள்ளுவர் கண்ட நால்வகை

நம் தமிழ் மரபு இக்கேள்வியை முன்பே சந்தித்திருக்கின்றது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கின்றது: நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர். நான்காமவரை வள்ளுவர் உழைச்செல்வான் என்று அழைக்கிறார். உழை என்பதற்குப் பக்கம் என்று பொருள். நோயுற்றவரின் பக்கத்திலேயே நின்று இயங்குபவர் என்பது அச்சொல்லின் பொருள். மருத்துவரின் ஏவலாள் என்று அவரை ஒதுக்காமல், மருத்துவரோடும் மருந்தோடும் ஒருசேர எண்ணியது வள்ளுவரின் பார்வை.

உரையாசிரியர் பரிமேலழகர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். இந்நான்கு கூறுகள் ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு இயல்புகளை அவர் வகுக்கிறார். அருகிருப்பவர்க்கு அவர் கூறும் நான்கு இயல்புகளாவன: நோயாளியிடம் அன்புடைமை, மனமும் மொழியும் மெய்யும் தூயவாதல், சொல்லியவற்றை அவ்வாறே செய்யும் வன்மை, அறிவுடைமை. அன்பு அங்கே முதலில் நிற்கின்றது. அறிவு இறுதியில் நின்று அப்பட்டியலை நிறைவு செய்கின்றது. சொல்லியதைச் செய்யும் வன்மை வேறு, அறிவுடைமை வேறு என்று அவர் பிரித்து வைத்திருப்பதை நாம் உற்று நோக்க வேண்டும். பிறர் சொன்னதைப் பிழையின்றிச் செய்தால் செவிலியர் கடமை முடிந்தது என்று கருதுவோர்க்கு இந்தப் பழைய உரையே விடை கூறுகின்றது.

ஓர் எண், இரு பொருள்

தீவிர சிகிச்சை என்னும் துறை பிறந்த கதையை நினைவுகூர்வது இங்குப் பொருந்தும். 1952ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரைப் போலியோ கொள்ளைநோய் தாக்கியது. பிளெக்டாம் மருத்துவமனைக்கு மூச்சுத் தசைகள் செயலிழந்த நிலையில் பலர் கொண்டுவரப்பட்டனர். முதல் மூன்று வாரங்களில் அவ்வாறு வந்த 31 பேரில் 27 பேர் இறந்தனர். இரத்தத்தைச் சோதித்தபோது கரியமில வாயுவின் மொத்த அளவு மிக உயர்ந்திருந்தது. இரத்தத்தில் காரத்தன்மை மிகும் விளங்காத ஏதோ ஒரு கேடு என்று மருத்துவர்கள் அதற்குப் பொருள் கொண்டனர்.

மயக்கவியல் மருத்துவராகிய பியோன் இப்சன் அதே எண்ணைப் பார்த்து வேறொன்றைக் கண்டார். நோயாளியால் மூச்சை வெளிவிட இயலவில்லை. வெளியேற வேண்டிய வாயு உள்ளே தேங்குகின்றது. அவர் சாவது மூச்சுப் போதாமையால் என்று உணர்ந்தார். ஆகஸ்டு 27ஆம் நாள் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி அவளுக்கு மூச்சூட்டினார். அவள் பிழைத்தாள். அதன்பின் ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் நோயாளிகளின் தலைமாட்டில் அமர்ந்து அப்பையை அழுத்தினர். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. மறு ஆண்டு, 1953 டிசம்பரில், அந்நகரின் மற்றொரு மருத்துவமனையில் இப்சன் தொடங்கிய தனிப்பிரிவே இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு முன்னோடியாகக் கருதப்படுகின்றது.

இக்கதையில் இரண்டு உண்மைகள் உள்ளன. முதலாவது, ஓயாது அருகிருந்த கைகளின்றி அவர்கள் பிழைத்திருக்க மாட்டார்கள். இரண்டாவது, அந்தக் கைகள் வருமுன் இறந்த 27 பேரைச் சுற்றியும் இரக்கமுள்ளோரே நின்றிருந்தனர். இரக்கத்தில் குறைவில்லை, கண்முன் இருந்த எண்ணின் பொருள் விளங்கவில்லை. விளங்கியபோது அதே இரக்கம் உயிர்காக்கும் ஆற்றலாயிற்று.

இன்றும் ஒவ்வோர் இரவும் இதுவே சிறிய அளவில் நிகழ்கின்றது. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளி கைகால்களை உதறுகிறார். அறியாதவர் கண்ணுக்கு அது தொல்லை. கைகளைக் கட்டவோ மயக்க மருந்தைக் கூட்டவோ தோன்றும். அறிந்தவர் கேட்பார்: குழாயில் சளி அடைத்திருக்கின்றதா? ஆக்சிஜன் குறைகின்றதா? வலியா? சிறுநீர் முட்டுகின்றதா? மற்றொரு படுக்கையில் ஒருவரது மூச்சு நிமிடத்துக்கு 16 என்பதிலிருந்து 26 ஆக ஏறியிருக்கின்றது. பேச்சில் சற்றே தடுமாற்றம். இரத்த அழுத்தமோ இன்னும் சரியாகவே இருக்கின்றது. குருதியில் நச்சுத்தொற்று பரவத் தொடங்கிவிட்டதோ என்று ஐயுற்று அப்பொழுதே மருத்துவரை அழைப்பவரும், அழுத்தம் சரியாக இருக்கின்றது என்று குறித்துவிட்டு நகர்பவரும் ஒரே சீருடையில்தான் இருக்கின்றனர். இருவரும் நல்லவர்களாகவே இருக்கலாம். நோயாளிக்கோ இவ்விருவருக்கும் இடையேயுள்ள தொலைவு, விடியலைக் காண்பதற்கும் காணாமற்போவதற்கும் இடையேயுள்ள தொலைவு.

கருவிகள் பெருகினால் செவிலியர் கண் முகத்தை விட்டுத் திரைக்குச் சென்றுவிடும் என்ற அச்சமும் உண்டு. அச்சம் நியாயமானதே. எனினும், திரையில் ஓடும் கோடுகளைப் படிக்கத் தடுமாறுபவரே அத்திரைக்கு அடிமையாகிறார். ஒரு நோக்கில் அவற்றைப் புரிந்துகொள்பவர்க்கு முகத்தைப் பார்க்க நேரம் மிஞ்சுகின்றது.

அறியாமை குற்றமாகும் இடம்

அறியாமை எப்போது குற்றமாகும் என்று புனித தோமா அக்குவினார் ஆராய்ந்துள்ளார். எல்லாவற்றையும் அறிய ஒருவரும் கடமைப்பட்டவரல்லர். ஆனால் தம் நிலைக்கும் பொறுப்புக்கும் உரியவற்றை அறிய ஒவ்வொருவரும் கடமைப்பட்டவர். அறிய முடிந்தும் அசட்டையால் அறியாதிருத்தல் குற்றமாகும் என்பது அவர் கண்ட முடிவு. இதன்படி, பெரிய பொறுப்பு பெரிய அறிவை வேண்டுகின்றது. பொது வார்டில் பணிபுரியப் போதுமான பயிற்சி, இதயத்தைத் தாங்கும் மருந்துகளைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டியும் குறைத்தும் செலுத்த வேண்டிய இடத்தில் போதாமற் போகலாம்.

இதனைத் திருச்சபையும் ஒரு காலத்தில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆஸ்திரிய நாட்டில் பிறந்து மருத்துவம் பயின்ற அன்னா டெங்கல் 1920ஆம் ஆண்டில் அன்றைய இந்தியாவின் இராவல்பிண்டிக்கு வந்தார். ஆண் மருத்துவரிடம் செல்ல மரபு இடந்தராத பெண்கள் அங்கே பேறுகாலத்தில் மடிந்துகொண்டிருந்தனர். அப்பெண்களுக்கு அருட்சகோதரியரே மருத்துவராக வேண்டும் என்று அவர் விரும்பினார். துறவற வாக்களித்தோர் மருத்துவத் தொழில் புரிவதை அக்காலத் திருச்சபைச் சட்டம் ஏற்கவில்லை. 1925ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய மருத்துவ மறைபரப்புச் சகோதரியர் குழு, முழுமையான துறவற சபையாக ஏற்கப்படாமலே பதினோர் ஆண்டுகள் காத்திருந்தது. 1936 பிப்ரவரியில் வெளியான உரோமை ஆணை, சகோதரியர் மருத்துவமும் பேறுகால மருத்துவமும் பயிலவும் செய்யவும் வழிதிறந்தது. செபமும் இரக்கமும் நிறைந்த ஓர் அழைத்தலுக்கு மருத்துவக் கல்லூரிப் பட்டமும் தேவை என்பதை அந்நாளில் பலர் வியப்புடன் கேட்டிருப்பர். இன்று அது நமக்கு வியப்பாகத் தோன்றவில்லை. செவிலியரின் மேற்படிப்பைக் குறித்த வியப்பும் அவ்வாறே ஒருநாள் மறையும்.

படிப்பின் பயன் வெறும் ஊகமன்று என்பதையும் கூற வேண்டும். ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வொன்று 2014ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியாயிற்று. செவிலியருள் இளங்கலைப் பட்டம் பெற்றோரின் பங்கு நூற்றுக்குப் பத்து உயர்ந்த இடங்களில், முப்பது நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏழு விழுக்காடு குறைந்திருந்தது. ஒரு செவிலியர் பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால் அவ்வாய்ப்பு ஏழு விழுக்காடு கூடியிருந்தது. இது முதுகலைப் பட்டத்தைப் பற்றிய ஆய்வன்று. எனினும் கற்றலுக்கும் காத்தலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டுகின்றது. அதோடு, கற்றவரையும் அளவுக்கு மீறிய சுமையால் அமுக்கினால் கல்வி பயனற்றுப் போகும் என்றும் எச்சரிக்கின்றது.

ஏணி எங்கே சாய்ந்திருக்கின்றது?

அப்படியாயின் மேற்படிப்பு நோயாளியிடமிருந்து விலக்கும் என்ற குற்றச்சாட்டு பொய்யா? முற்றும் பொய் என்று நம்மால் கூற இயலாது. நம் நாட்டில் எம்.எஸ்சி. நர்சிங் படித்தோருள் பலர் கல்லூரி ஆசிரியராகின்றனர். ஆசிரியர் பணிக்கு அப்பட்டம் வேண்டப்படுகின்றது; படுக்கையருகே பணிபுரிவோர்க்கோ அப்பட்டத்தால் பதவியோ ஊதியமோ உயர்வதற்கு வழி குறைவு. கற்பிப்போரும் நமக்குத் தேவை; அவர்களின்றி அடுத்த தலைமுறை உருவாகாது. ஆனால் சிறப்பாகக் கற்ற எல்லாரும் வார்டை விட்டு வெளியேறினால்தான் உயர முடியும் என்றால், ஏணி தவறான சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றது என்று பொருள். ஏறுபவர் மீது பழி கூறுவதில் நியாயமில்லை.

இக்குறையை நோக்கியே இந்தியச் செவிலியர் மன்றம் 2016ஆம் ஆண்டில் புதியதொரு முதுகலைப் படிப்புக்குப் பாடத்திட்டம் வகுத்தது. தீவிர சிகிச்சையில் நர்ஸ் பிராக்டிஷனர் என்பது அதன் பெயர். பி.எஸ்சி. முடித்துப் பணி அனுபவம் பெற்ற செவிலியர் இரண்டாண்டுகள் மருத்துவமனையிலேயே உறைந்து பயில வேண்டும். வகுப்பறைப் பாடம் சிறுபகுதி; பெரும்பகுதி நோயாளியின் அருகிலேயே நிகழும் பயிற்சி. உடலின் இயக்கமும் மருந்துகளின் செயலும் ஆழ்ந்து கற்று, வகுக்கப்பட்ட நெறிமுறைகளுக்கு உட்பட்டு முடிவெடுக்கும் திறனைப் பெறுதல் அதன் நோக்கம். படிப்பவர் எங்கே படித்தாரோ அங்கேயே திரும்பி நிற்க வேண்டும் என்பது இத்திட்டத்தின் உட்கருத்து. உழைச்செல்வான் என்ற சொல்லுக்கு இதனினும் பொருத்தமான பாடத்திட்டம் அரிது. ஆயினும், அவ்வாறு கற்றுத் திரும்புவோர்க்கு உரிய பதவியை மருத்துவமனைகள் உருவாக்கினாலன்றி இந்நோக்கம் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

உயர்ந்த ஊதியத்தையும் வெளிநாட்டு வேலையையும் எண்ணிப் படிப்பவரைப் பற்றி என்ன சொல்வது? உழைப்பவர் கூலிக்கு உரியவர் என்பது நம் மறை ஏற்ற நெறி. வறுமையிலிருந்து தம் வீட்டை மீட்க விரும்புவது பாவமன்று. ஒரு செயலுக்குப் பல நோக்கங்கள் இருக்கலாம். அவற்றுள் நோயாளியின் நலமும் ஒன்றாக உயிருடன் இருக்கின்றதா என்பதே மனச்சான்று கேட்க வேண்டிய கேள்வி.

குடும்பத்தின் உரிமையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அன்புக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மகளின் ஊதியத்தாலேயே பெற்றோர்க்கு உணவும் மருந்தும் கிடைக்கின்ற வீட்டில், அவள் இரண்டாண்டு காத்திருக்கத் தீர்மானித்தால் அவளைக் கோழை என்று கூற ஒருவர்க்கும் உரிமையில்லை. அங்கே காத்திருத்தலும் அன்பே. ஆனால் அவளது வருவாயை நகையாகவும் சீராகவும் மாற்றுவதற்காக அவளது கல்வியைத் தடுக்கும் வீடு வேறு. சகோதரன் இரண்டாம் பட்டம் படிக்கும்போது முதலீடு என்றும், மகள் படிக்கும்போது செலவு என்றும் கணக்கெழுதும் வீடும் வேறு. இவ்வீடுகளில் கடமை என்ற சொல் தவறாகப் பயன்படுத்தப்படுகின்றது. நம் குடும்பம் எதைச் சார்ந்தது என்பதை ஒவ்வொரு பெற்றோரும் இறைமுன் உண்மையுடன் கேட்டுக்கொள்வார்களாக.

அறிந்தவரின் துயரம்

மேற்படிப்பை நாடுவோர்க்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லுதல் நேர்மையாகும். மிகுதியாக அறிபவர் மிகுதியாகத் துன்புறவும் நேரும். செய்யத்தக்கது எது என்று தெளிவாகத் தெரிந்தும் அதைச் செய்யவொட்டாமல் அமைப்பு தடுக்கும்போது உள்ளத்தில் எழும் வேதனைக்கு, அமெரிக்க மெய்யியலாளர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984ஆம் ஆண்டில் அறநெருக்கடி என்னும் பொருள்படும் பெயரொன்றைச் சூட்டினார். அவர் செவிலியரைப் பற்றி எழுதுகையில்தான் அப்பெயரைக் கண்டார் என்பது கருதத்தக்கது. அறியாதவர் இரவுப்பணி முடிந்து உறங்குவார். அறிந்தவரோ, ஒரு மணி முன்னரே அழைப்பு விடுத்தும் யாரும் வரவில்லையே என்று எண்ணிக் கிடப்பார்.

மீளும் வாய்ப்பற்ற நோயாளியின் உடல்மீது கருவிகள் மேலும் மேலும் ஏற்றப்படும்போது இவ்வேதனை முற்றுகின்றது. இது குறித்துத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957 நவம்பர் 24ஆம் நாள் மயக்கவியல் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரை இன்றும் வழிகாட்டுகின்றது. உயிரைக் காக்க வழக்கமான வழிமுறைகளைக் கையாள நாம் கடமைப்பட்டுள்ளோம். தமக்கோ பிறர்க்கோ மிகையான சுமையாக அமையும் அசாதாரண வழிமுறைகள் கட்டாயமல்ல என்பது அவர் தெளிவுபடுத்திய நெறி. கொல்லுதல் வேறு, தடுக்க இயலாத சாவை ஏற்றுக்கொள்ளுதல் வேறு. இவ்வேறுபாட்டை இறையியல் வகுப்பில் கற்பது எளிது. நள்ளிரவில் ஒரு மகன், இனி என்ன செய்வது என்று கேட்கும்போது எதிரே நிற்பவர் பெரும்பாலும் செவிலியரே. மருத்துவர் கூறிய சொற்களை அவன் மொழியில் விளக்கவும், பொய்நம்பிக்கை ஊட்டாமலும் நம்பிக்கையைப் பறிக்காமலும் பேசவும், நோயில்பூசுதலுக்குக் குருவை அழைக்க நேரம் வந்துவிட்டது என்று உரிய வேளையில் உணரவும் அவர்க்கு அறிவு வேண்டும். அறவியலும் துயராற்றும் கலையும் இல்லாத தீவிர சிகிச்சைக் கல்வி அரைக்கல்வியாகவே இருக்கும்.

சாவடிப் பொறுப்பாளரை மறவோம்

நல்ல சமாரியரின் உவமையை நாம் அனைவரும் அறிவோம். அடிபட்டவர் மீது இரங்கியதோடு அவர் நிற்கவில்லை. எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயங்களைக் கட்டினார். அக்காலத்து மருத்துவம் எதுவோ அதை அவர் அறிந்திருந்தார். பயணத்தில் அதற்குரிய பொருளும் வைத்திருந்தார். அவரது இரக்கம் கைத்திறனுடன் வந்தது.

அதே உவமையில் நாம் எளிதில் மறந்துவிடும் மற்றொருவர் உண்டு. சமாரியர் மறுநாள் புறப்பட்டுச் சென்றார். அடுத்த இரவுகளில் காயம்பட்டவரின் முனகலைக் கேட்டு எழுந்தவர் சாவடிப் பொறுப்பாளர். அவருக்குச் சமாரியர் இரண்டு தெனாரியத்தைக் கொடுத்தார். மிகுதியாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் வாக்களித்தார். அருகிருந்து காப்பவரிடம் அன்பை மட்டும் கேட்டுவிட்டு, செலவை அவர் தலையிலேயே சுமத்த அவர் எண்ணவில்லை.

நாம் அவ்வாறு நடந்துகொள்கிறோமா? தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் குறித்து உச்சநீதிமன்றத்தின் அறிவுறுத்தலால் அமைந்த வல்லுநர் குழு, 2016ஆம் ஆண்டில் தன் பரிந்துரைகளை அளித்தது. ஐம்பது படுக்கைகளுக்கும் குறைவான மருத்துவமனையிலும் மாதம் ரூ.20,000க்குக் குறையாமல் தரவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அத்தகைய சிறுதொகையையும் ஒரு குழு அமைத்து வற்புறுத்த வேண்டியிருந்தது என்பதே நம் சமுதாயம் அருகிருப்போரை எப்படி மதிக்கின்றது என்பதைக் காட்டும். திருச்சபையின் பெயரால் நடைபெறும் மருத்துவமனைகள் இதில் பிறர்க்கு முன்சென்று காட்டக் கடமைப்பட்டவை. சேவை என்ற சொல்லைக் குறைந்த கூலிக்குப் போர்வையாக்குதல் நற்செய்திக்கு உகந்ததன்று.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உள. மேற்படிப்பை விரும்பும் செவிலியரைப் பங்கு மக்கள் தேடிக் கண்டு உதவலாம். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் உதவித்தொகை வழங்கும் நம் சங்கங்கள் இப்படிப்பையும் அப்பட்டியலில் சேர்க்கலாம். கற்றுத் திரும்பும் செவிலியர்க்குப் படுக்கையருகிலேயே மதிப்பும் பதவியும் அளிக்க மருத்துவமனை நிர்வாகங்கள் முன்வர வேண்டும். மருத்துவர்கள் அவர்களது குரலுக்குச் செவிசாய்க்க வேண்டும். நோயாளியின் உறவினராக நாம் செல்லும்போது அவர்களை அதட்டாமலும், விரல் சொடுக்கி அழைக்காமலும், பெயர் கேட்டு மரியாதையுடன் பேசவும் பழக வேண்டும்.

படிக்கச் செல்லும் மகளுக்கும் ஒரு சொல். நீ கற்கப்போவது பிறரைவிட உயர்வதற்கான பாடம் என்று எண்ணாதே. பேச இயலாதவர் உடலால் பேசும் மொழியைக் கற்கச் செல்கிறாய் என்று எண்ணிக்கொள். அம்மொழியை அறிந்தவர் ஒருவர் தம் அருகே நிற்கிறார் என்பது, நினைவிழந்து கிடக்கும் அம்மனிதர்க்குத் தெரியாது. அவர் பிழைத்து எழுந்து உன் பெயரைக் கேளாமலே வீடு திரும்பவும் கூடும். அவ்வீட்டில் விளக்கெரியும். நீ கற்ற கல்விக்கு அது போதுமான பலன்.